மின்வேதிக் கலம்: வாங்குவதா, ஜூஜுவாடியில் செய்துகொள்வதா?

ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரியோ சிறு மருந்து நிறுவனமோ கரிமச் சேர்மங்களை மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றவோ ஒடுக்கவோ இறங்கினால், முதலில் எத்தனை கிராம் வேண்டும் என்று கணக்குப் போடட்டும். விலை விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

ஆயத்தக் கருவிகளில் பலரும் அறிந்தது எலக்ட்ராசின் 2.0. ஜெர்மனியின் ஐகேஏ நிறுவனமும் அமெரிக்க ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃபில் பாரன் குழுவும் கூடி உருவாக்கியது, 2017-ல் வந்தது. வேதியியலாளர் தேவையைச் சொல்ல, கருவி செய்பவர் அதை வடித்துக் கொடுத்த நல்ல கூட்டுறவு. பிறர் வெளியிட்ட வினையைத் திரும்பச் செய்து பார்க்க இதுவே சிறந்தது. ஆனால் குப்பிகள் 5, 10, 20 மில்லிலிட்டர்தான். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் தேவைப்படும் வினையில் 0.1 மோல் பொருளுக்குச் சுமார் 19,300 கூலும் மின்னூட்டம் செல்ல வேண்டும். இந்தச் சிறு குப்பிகளுக்கு ஏற்ற 50 மில்லி ஆம்பியரில் அது நான்கரை நாள். 1 ஆம்பியரில் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடியும்.

அந்த 1 ஆம்பியருக்குப் பெரிய மின்முனைப் பரப்பு வேண்டும். இங்கேதான் ஓசூரின் ஜூஜுவாடி, சிப்காட் பட்டறைகள் கைகொடுக்கும். டெஃப்லான் தகட்டில் சிஎன்சி-யில் தடம் வெட்டி, இருபுறமும் மின்முனை வைத்து இறுக்கினால், கரைசல் பாய்ந்து செல்லும் ஓட்டக் கலம் தயார். மின்முனைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் போதும். இடைவெளி குறையக் குறைய மின்தடை குறையும், மின்சாரம் கடக்கக் கரைசலில் சேர்க்க வேண்டிய உப்பும் குறையும். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் இடிஎம் வேலைக்கு டூல் ரூம்களில் கிராஃபைட் புழங்குவதால் மின்முனைக்கும் அலைய வேண்டாம். எவர்சில்வர் தகட்டை எதிர்மின்முனையாக மட்டும் வையுங்கள். நேர்மின்முனையாக்கினால் இரும்பும் நிக்கலும் கரைந்து வினையில் கலக்கும். வெட்டும்போது பட்ட எண்ணெயை அசிட்டோனில் கழுவாமல் கலத்தைப் பூட்டவே கூடாது. எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் ஓட்ட வேண்டும். மின்வழங்கியை மட்டும் கடையிலேயே வாங்குங்கள். மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருப்பதாக அது இருக்கட்டும்.

ஒரு முனையில் உருவானது மறுமுனையில் சிதைகிறதா? அப்போது நடுவில் சவ்வு வேண்டும். எந்தச் சவ்வு, எந்த மின்முனைப் பூச்சு என்பது பட்டறைக்குத் தெரியாது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேளுங்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த இடத்துக்குக் கரிம மின்தொகுப்பில் நீண்ட அனுபவம் உண்டு. சோதனைக் கலத்திலிருந்து பெரிய கலத்துக்குப் போகும் கட்டத்தில் அதை விட்டுவிட்டுத் தனியே முட்டி மோதுவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

தொடக்க நிலையில் பணமிருந்தால் கருவி, இல்லையென்றால் பீக்கரும் மின்வழங்கியும். பல கிராம் வேண்டுமென்றால் பட்டறைக் கலம். பட்டறைக்காரரையோ ஆய்வு நிறுவனத்தையோ சேர்த்துக்கொள்ளும்போது, வரைபடம் யாருக்குச் சொந்தம் என்பதை முதல் தகட்டை வெட்டும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். காப்புரிமை விண்ணப்பம் முதலில் போகட்டும், ஆய்வுக்கட்டுரை பிறகு. முந்தி வெளியான கட்டுரையே உங்கள் விண்ணப்பத்தை வீழ்த்திவிடும்.