மழைக்கு முன் மிதிவண்டி

மாணவர்களே, அந்தமானில் உறைபனி இல்லை, மழையே பெரிது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. மே மாதத்துக்கு முன்பே மிதிவண்டியைச் செப்பனிடுக.

போர்ட் பிளேயர் மேடும் பள்ளமுமான ஊர். ஆதலின், முதலில் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். நனைந்த சக்கரத்தில் கட்டை வழுக்கும். வண்டி உடனே நில்லாது. தேய்ந்த கட்டையை மாற்றுக. மழையில், இறக்கம் தொடங்குமுன்னரே பிரேக்கை மெல்லப் பிடித்தால் சக்கரத்தின் ஈரம் வழித்தெடுக்கப்படும்.

கடற்காற்றின் உப்பு இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். சங்கிலியை நன்னீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே எண்ணெய் இடுக. வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெய் வேண்டா. அது பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் எண்ணெயே ஏற்றது.

டிசம்பரில் இங்கு மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைகிறது. மாலை வகுப்பு முடிந்து திரும்புவோர் விளக்கையும் சரிபார்த்துக்கொள்க.