ஸ்கீக்கு எப்போது சாணை, எவ்வளவு மெழுகு?

ஸ்கீயின் அடியில் பனியைத் தொடுபவை இரண்டே பொருள்கள். நடுவில் அகலமாக ஓடும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று. அதன் இருபுறமும் முன்நுனியிலிருந்து வால்வரை செல்லும் மெல்லிய எஃகு விளிம்பு மற்றொன்று. பட்டை வழுக்குவதற்கு, விளிம்பு பிடிப்பதற்கு. பட்டையில் மெழுகு தீர்ந்துபோனால் ஸ்கீ பனியில் ஒட்டி இழுக்கும். விளிம்பு மழுங்கினால் இறுகிய பனியில் திரும்ப முயலும்போது ஸ்கீ பிடிமானம் இல்லாமல் பக்கவாட்டில் சரியும். இவ்விரண்டையும் சீர்செய்யும் வேலையைத்தான் ஸ்கீ டியூனிங் என்கிறார்கள்.

பட்டையும் விளிம்பும் தேய்ந்து தீரக்கூடியவை. பட்டையின் கனம் பெரும்பாலும் 1 மி.மீ.க்குச் சற்று மேல். எஃகின் கனம் ஏறத்தாழ 2 மி.மீ. கடையில் கல் இயந்திரத்தில் ஸ்கீயை ஓட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டிலும் கொஞ்சம் அரைபட்டுப் போகிறது. போனது திரும்பி வராது. எனவே லேசான பராமரிப்பை அடிக்கடியும், இயந்திர அரைப்பை அரிதாகவும் செய்வதே ஸ்கீயின் ஆயுளைக் காக்கும் வழி. சமையலறைக் கத்தியை அவ்வப்போது கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து வைப்பவருக்குச் சாணைக்காரரைத் தேடும் தேவை குறைவது போன்றதுதான் இது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

இடைவெளியை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை. எத்தனை நாள் சறுக்கினார்கள், எந்தப் பனியில் சறுக்கினார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் பனி அடிக்கடி உருகி மீண்டும் உறைந்து பனிக்கட்டியாக இறுகிவிடும். அங்கே விளிம்பின் கூர்மை இரண்டு மூன்று நாளிலேயே குறைவதை உணரலாம். யூட்டாவின் உலர்ந்த, ஆழமான தூள்பனியில் அதே விளிம்பு பல வாரம் தாங்கும். காஷ்மீரின் குல்மர்க்கில் புதுப்பனி விழும் நாள்களும் அப்படித்தான். ஆல்ப்ஸ் மலையின் தாழ்வான சரிவுகளில் பருவத் தொடக்கத்தில் பெரும்பாலும் இயந்திரத்தால் தூவிய செயற்கைப் பனியே இருக்கும். அதன் குருணைகள் இயற்கைப் பனியைவிட அடர்த்தியானவை, கடினமானவை. மெழுகை விரைவில் உராய்ந்து எடுத்துவிடும்.

இந்த வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 10 முதல் 20 நாள் சறுக்குபவருக்கு ஒரு பொதுக் கணக்கு சொல்லலாம். மூன்று முதல் ஐந்து நாள் சறுக்கலுக்கு ஒருமுறை மெழுகு. ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை விளிம்பின் பக்கத்தில் லேசான சாணை. பனிக்கட்டிச் சரிவென்றால் அதற்கும் முன்பே. கல் அரைப்புடன் கூடிய முழு டியூனிங் பருவத்துக்கு ஒருமுறை போதும். பட்டை தட்டையாகவும் காயமின்றியும் இருந்தால் அந்த ஒருமுறையும் தேவைப்படாமல் போகலாம். பந்தய வீரர்கள் ஒவ்வொரு நாளும் மெழுகும் சாணையும் செய்கிறார்கள். அந்த அட்டவணையைப் பொழுதுபோக்குக்காகச் சறுக்குபவர் பின்பற்றினால் எஃகுதான் வீணாகும்.

வருடத்தில் ஒரே ஒரு வாரம் மலைக்குப் போகிறவர் புறப்படுமுன் விளிம்பையும் மெழுகையும் சரிபார்த்துக்கொண்டு, வாரத்தின் நடுவில் ஒருமுறை மெழுகு போட்டால் போதும். வாடகை ஸ்கீ எடுப்பவருக்கு இந்தப் பொறுப்பு கடையுடையது. ஆனாலும் வாங்கும்போதே விளிம்பைப் பார்த்து, துருவோ பிசிறோ இருந்தால் வேறு ஜோடி கேட்பது நல்லது.

முதலில் பார்வையிடுதல்

எதையும் தேய்க்குமுன் ஸ்கீயை அடிப்பக்கம் மேலே தெரியுமாறு மேசையில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பட்டை கருமை மங்கி, விளிம்பை ஒட்டி வெளுத்து, நார் நாராகத் தெரிந்தால் மெழுகு காய்ந்துவிட்டது. இந்த வெளுப்பு பாதத்துக்கு நேர் கீழேதான் முதலில் தோன்றும்; உடல் எடையும் உராய்வும் அங்கே அதிகம். இந்நிலையில் தொடர்ந்து சறுக்கினால் பட்டையின் மேற்பரப்பே தேய்ந்து கெட்டுப்போகும்.

விளிம்பின் கூர்மையைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. நகத்தின் முதுகை விளிம்பின்மேல் குறுக்காக லேசாக இழுத்தால் நகத்தூள் உதிர வேண்டும். உதிராமல் வழுக்கிச் சென்றால் சாணை தேவை. விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டிப் பார்க்கக் கூடாது. கல்லில் மோதிய இடத்துப் பிசிறு தோலைக் கிழித்துவிடும்.

அடுத்தது தட்டை. நேரான எஃகு அளவுகோலைப் பட்டைக்குக் குறுக்கே நிறுத்தி, எதிரே விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பட்டை குழிந்து, விளிம்புகள் உயர்ந்து நிற்கின்றன. அப்படிப்பட்ட ஸ்கீ தண்டவாளத்தில் ஓடுவதுபோல நேராகவே இழுக்கும், திருப்புவது கடினம். ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் நடுப்பகுதி மேடிட்டிருக்கிறது. அந்த ஸ்கீ சுழன்று அலையும், பிடிக்காது. சிறிதளவு வளைவு பெரிதாகப் பாதிக்காது. சறுக்கும்போது தெரியும் அளவுக்கு இருந்தால் கல் இயந்திரம் தவிர வேறு வழியில்லை.

கல்லில் உரசிய கீறல்களையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். மயிரிழைக் கீறல்களை விட்டுவிடலாம். ஆழமான கீறலைப் பட்டையின் வகையைச் சேர்ந்த பாலிஎத்திலீன் குச்சியைக் கொளுத்தி உருகவிட்டு நிரப்பி, ஆறிய பின் சமமாகச் சீவிவிடலாம். ஆனால் காயத்தினுள் ஸ்கீயின் உள்ளிருக்கும் மரம் தெரிந்தாலோ எஃகு விளிம்பை ஒட்டிக் காயம் இருந்தாலோ வீட்டு வைத்தியம் உதவாது. மரத்துக்குள் நீர் இறங்கினால் அது ஊதி, அடுக்குகள் பிரியத் தொடங்கும். அன்றே சறுக்குவதை நிறுத்தி, ஸ்கீயை நன்றாக உலரவிட்டு, கடையில் கொடுத்துவிட வேண்டும்.

விளிம்புக்குச் சாணை

கவனமும் அறிவும் மிகுதியாக வேண்டிய பகுதி இதுதான். எஃகு விளிம்புக்கு இரண்டு முகங்கள் உண்டு: பட்டையின் தளத்தோடு இருக்கும் அடிமுகம், ஸ்கீயின் பக்கத்தில் இருக்கும் பக்கமுகம். இரண்டும் சந்திக்கும் கோடுதான் பனியை வெட்டுகிறது. அடிமுகத்தைத் தளத்திலிருந்து 0.5 முதல் 1 டிகிரி வரை சாய்த்திருப்பார்கள். நேராகச் செல்லும்போது விளிம்பு திடீரெனப் பனியில் சிக்காமல் இருப்பதற்கு இந்தச் சாய்வு. பக்கமுகத்தின் சாய்வு 1 முதல் 3 டிகிரி. பெரும்பாலான சறுக்குநர்களுக்கு அடியில் 1, பக்கத்தில் 2 என்ற அளவு நன்றாகப் பொருந்தும். ஸ்லாலம் பந்தயத்தில் அடியில் 0.5, பக்கத்தில் 3 என்று கூர்மையைக் கூட்டுவார்கள். அதற்கு ஈடுகொடுக்கும் கால் திறமையும் அவர்களிடம் இருக்கிறது.

அடிமுகத்தை அரத்தால் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதன் சாய்வு கூடிக்கொண்டே போகும். சாய்வு கூடக்கூட ஸ்கீயை அதிகமாகச் சரித்தால்தான் விளிம்பு பனியைத் தொடும், பிடி தாமதமாகும். கூடிவிட்ட சாய்வைக் குறைக்க முழுப் பட்டையையும் கல்லில் அரைத்து இறக்குவதுதான் ஒரே வழி, அதற்கு விலை ஸ்கீயின் ஆயுள். அடிமுகத்தில் உள்ள பிசிறை மட்டும் வைரக்கல்லால், அதே கோணத்தில் பிடிக்கும் சட்டத்தின் உதவியோடு, மெதுவாக நீவினால் போதும். கூர்மை சேர்க்கும் வேலை முழுவதும் பக்கமுகத்தில்தான்.

வேலையைத் தொடங்குமுன் ஸ்கீயின் பிரேக்கை ரப்பர் வளையத்தால் மேலே இழுத்துக் கட்டி, ஸ்கீயைப் பிடிகருவியில் பக்கவாட்டில் இறுக்கி நிறுத்த வேண்டும். கல்லில் மோதிய இடங்களில் எஃகு அடிபட்டு, மற்ற இடங்களைவிடக் கடினமாகியிருக்கும். அங்கே நேரடியாக அரம் போட்டால் அரத்தின் பற்கள்தான் மழுங்கும். ஆகவே வைரக்கல்லை நீரில் நனைத்து அந்த இடங்களை முதலில் தேய்த்துக் கடினப் படலத்தை எடுக்க வேண்டும்.

பிறகு கோணச் சட்டத்தில் அரத்தைப் பொருத்திப் பக்கமுகத்தில் நீண்ட, ஒரே சீரான இழுப்புகள். முன்நுனியிலிருந்து வாலை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது. அழுத்தம் லேசாக இருக்கட்டும். கோணம் சரிதானா என்று அறிய நல்ல உபாயம் ஒன்று உண்டு: தொடங்குமுன் பக்கமுகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிடுவது. இரண்டு இழுப்பில் மை முழுவதும் அழிந்தால் கோணம் பொருந்துகிறது. மேலோ கீழோ கோடாக மை மிஞ்சினால் சட்டத்தின் கோணம் வேறு. எஃகுக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் பக்கச்சுவர் அரத்தில் முட்டினால், அதற்கான சீவுளியால் அந்தச் சுவரைச் சிறிது சீவி வழி செய்துகொள்ள வேண்டும்.

இழுப்பு சீராகி, அரம் எங்கும் தடுக்காமல் சென்றால் போதும். அதன்பின் வைரக்கல்லைக் கோணச் சட்டத்தோடு ஓட்டினால் அரம் விட்டுச்சென்ற வரிகள் மழமழப்பாகும். மழமழப்பான விளிம்பு கூர்மையை நெடுநாள் வைத்திருக்கும். கடைசியாக, ரப்பர் கல்லை விளிம்பின்மேல் லேசாக ஒருமுறை இழுத்துத் தொங்கும் பிசிறை எடுத்துவிட வேண்டும். முழு அரம் போடுவது இரண்டு மூன்று முறைக்கு ஒன்றாக இருந்தால் நல்லது. இடையில் வைரக்கல் மட்டுமே பெரும்பாலும் போதுமானது.

மெழுகு

மெழுகு போடுமுன் பட்டையில் ஒட்டிய அழுக்கு போக வேண்டும். வசந்த காலத்தில் பனியில் மரப்பிசினும் மகரந்தமும் கலந்திருக்கும், அப்போது இது இன்னும் அவசியம். கரைப்பான் ஊற்றித் துடைப்பது பட்டையை உலர்த்திவிடும் என்பதால் பிசின் அப்பிய இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது மேல். மென்மையான மெழுகை உருக்கிப் பூசி, சூடு ஆறுமுன்னே சுரண்டி எடுத்தால் அழுக்கு அதோடு சேர்ந்து வந்துவிடும்.

மெழுகைத் தேர்ந்தெடுப்பது பனியின் வெப்பநிலையைப் பொறுத்தது. கடும் குளிரில் பனிப் படிகங்களின் முனைகள் கூர்மையாக இருந்து மெழுகுக்குள் குத்தும். அதற்குக் கடின மெழுகு வேண்டும். பூஜ்ஜியத்துக்கு அருகில் ஈரப்பனிக்கு மென்மெழுகு. நார்வேயின் ஸ்விக்ஸ் போன்ற நிறுவனங்கள் நிறத்தால் இதைக் காட்டுகின்றன: பச்சையும் நீலமும் குளிருக்கு, சிவப்பும் மஞ்சளும் வெம்மைக்கு. வாரக்கடைசிச் சறுக்குநருக்கு எல்லா வெப்பநிலைக்குமான பொது மெழுகே போதும். ஃப்ளோரின் கலந்த மெழுகைத் தவிர்க்க வேண்டும். அதன் வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அதை முழுவதும் தடைசெய்துவிட்டது.

மெழுகு உருக்கத் தனி இஸ்திரிப் பெட்டி வாங்குவதே நல்லது. துணிப் பெட்டியின் தகடு மெல்லியது, அதன் சூடு ஏறி இறங்கும். நீராவித் துளைகளில் மெழுகு அடைத்துக்கொள்ளும். பொது மெழுகுக்கு ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் போதுமானது. உறையில் அச்சிட்டுள்ள அளவைப் பின்பற்றலாம். புகை வந்தால் சூடு மிகுதி. மெழுகுக்கட்டியைப் பெட்டியில் தொட்டுச் சொட்டுச் சொட்டாகப் பட்டைமேல் விட்டு, பெட்டியை முன்நுனியிலிருந்து வால்வரை நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். பெட்டிக்குப் பின்னால் சில செ.மீ. நீளத்துக்கு மட்டும் மெழுகு திரவமாக மின்னினால் வேகம் சரி. ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் பாலிஎத்திலீனே கருகிவிடும், கருகிய இடம் இனி மெழுகை ஏற்காது.

அறை வெப்பத்தில் குறைந்தது அரை மணி ஆறவிட்ட பின், அக்ரிலிக் சுரண்டியால் நுனியிலிருந்து வாலை நோக்கிச் சுரண்ட வேண்டும். முதலில் எஃகு விளிம்பில் படிந்ததை எடுத்து, பின்பு பட்டையில், மெழுகு வருவது நிற்கும்வரை சுரண்டலாம். பலர் இங்கே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்கீயை ஓடவைப்பது பட்டையின் நுண்துளைகளில் இறங்கிய மெழுகு. மேலே தடித்துக் கிடப்பது இழுக்கத்தான் செய்யும். இறுதியில் பித்தளை அல்லது நைலான் பிரஷ்ஷால் பத்துப் பதினைந்து முறை துலக்கினால், பட்டையின் நுண்ணிய வரிகள் திறந்துகொண்டு, ஸ்கீக்கு அடியில் சேரும் நீரை வெளியேற்றும்.

கடையில் கொடுக்கும்போது

பட்டை வளைந்திருந்தாலோ, கீறல்கள் மலிந்தாலோ, விளிம்பின் கோணம் என்னவென்று தெரியாமல் போனாலோ கடைக்குப் போவதே முறை. வெறுமனே டியூன் செய்யுங்கள் என்று விட்டுவிடாமல், அடியிலும் பக்கத்திலும் எத்தனை டிகிரி வேண்டும் என்று சொல்லி, அதை ஒட்டுத்தாளில் எழுதி ஸ்கீயில் ஒட்டித் தரலாம். பட்டையில் செதுக்கும் வரிகள் குளிர்ந்த உலர் பனிக்கு நுணுக்கமாகவும், ஈரப்பனிக்குக் கரடாகவும் இருக்க வேண்டும். எந்த மலைக்குப் போகிறோம் என்று சொன்னால் நல்ல தொழிலாளி அதற்கேற்பச் செய்வார். தேவைக்கு மேல் அரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்; அதைக் கேட்டு முகம் சுளிக்கும் கடையைவிட்டு வேறு கடை பார்ப்பது நலம்.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை மட்டும் வீட்டில் திருகிப் பார்க்கக் கூடாது. விழும்போது பூட்ஸை விடுவித்துக் காலைக் காப்பது அதுதான். எடை, உயரம், வயது, சறுக்கும் திறன், பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு அதன் அளவைக் கணக்கிட்டு, கருவியில் வைத்துச் சோதிக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை இது கட்டாயம். வளரும் குழந்தைகளுக்கு ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அளவு மாறியே இருக்கும்.

தினமும், பருவம் முடிந்தும்

சறுக்கி முடித்த மாலையில் விளிம்புகளைத் துணியால் துடைத்து, ஸ்கீயை உலரவிட வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் ஓரிரவிலேயே துரு பிடிக்கும். காரின் கூரைமேல் கொண்டு செல்லும்போது உறை போடுவது அவசியம். சாலையில் தூவும் உப்பு எஃகை அரிக்கும். லேசான துருவை ரப்பர் கல்லே எடுத்துவிடும்.

பருவம் முடிந்ததும் பட்டையைச் சுத்தம் செய்து, விளிம்புக்கு வைரக்கல் போட்டு, மென்மெழுகைத் தடிமனாக, எஃகும் மூடும்படி பூசிச் சுரண்டாமல் விட்டுவிட வேண்டும். ஜோடியை இறுக்கிக் கட்டாமல், வெயிலும் ஈரமும் படாத இடத்தில், சிமென்ட் தரையைத் தொடாதவாறு நிறுத்தி வைக்கலாம். குளிர்காலம் தொடங்குமுன் அந்த மெழுகைச் சுரண்டி, பிரஷ்ஷால் துலக்கி, பைண்டிங் சோதனைக்குக் கடையில் கொடுத்து வாங்கினால் முதல் நாள் சறுக்கலுக்கு ஸ்கீ தயார்.