வரையாடு குட்டி போடும் மாதம்

தோழிகளே, அறுவடைக் காசு கையில் இருக்கும் மாசியிலேயே மூணாறு போகலாம்னு அப்பா சொன்னார். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் மாமாவோ, "இப்ப வராதீங்க, இரவிகுளம் பூட்டியிருக்கு"ன்னுட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. நம் மாநில விலங்கான வரையாடு உலகிலேயே அதிகமாக வாழ்வது 97 சதுர கி.மீ. உள்ள அந்தத் தேசியப் பூங்காவில்தான். குட்டி போடும் காலம் என்பதால் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் சுற்றுலா வருபவர்களை விடமாட்டார்கள். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். கூட்டத்தைக் கண்டு தாய் மிரண்டால் அது என்ன செய்யும், பாவம்!

ஏப்ரலில் திறப்பார்கள். நாளைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் டிக்கெட் எடுக்கணும். திறந்தாலும் ராஜமலைப் பகுதி மட்டும்தான். 2695 மீட்டர் உயர ஆனைமுடியை அங்கிருந்தே பார்க்கலாம்.

நம்ம ராஜகிரிப் பாறை காலைச் சுடும் மே மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். அதுவரை காசை அம்மா அரிசிப் பானையில் ஒளிச்சு வெச்சிருக்காங்க.