நெட்டையனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

"உங்களுக்கு நன்கு தெரிந்த எதைப் பற்றியாவது எழுதுங்கள்" என்று ஆண்டிதழ்க் குழுவினர் கேட்டுக்கொண்டபொழுது, எனக்கு உண்மையிலேயே தெரிந்தது எது என்று சற்று யோசித்துப் பார்த்தேன். மூன்றாண்டுப் பல்கலைக்கழக வாழ்வில் ஒரு வாரம்கூடத் தவறாமல் நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அது விரிவுரைக்குச் செல்வதன்று. இணையத்தில் ஒரு கூடைப்பந்துக் குழுவை நிர்வகித்தேன்.

2009-ஆம் ஆண்டு, முதலாண்டு மாணவனாக விடுதிக்கு வந்த மூன்றாம் நாளில் பக்கத்து அறைப் பொறியியல் அண்ணன் ஒருவர் 'பஸ்ஸர்பீட்டர்' என்னும் விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தினார். இதில் பந்தை நாம் தொடுவதே இல்லை. வீரர்களை வாங்குவது, விற்பது, யாரை எந்த இடத்தில் ஆடவிடுவது, எதில் பயிற்சி கொடுப்பது ஆகிய முடிவுகள் மட்டுமே நம்முடையவை. ஆட்டத்தைக் கணினி ஆடிக்கொள்ளும். ஒரு பருவத்திற்கு 14 வாரங்கள். பருவம் ஒன்று முடிந்தால் வீரனுக்கு வயது ஒன்று கூடும். அதாவது, நமக்கு ஓராண்டு கழிவதற்குள் அவனுக்கு மூன்று நான்கு வயது கூடிவிடும். தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் இதை நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

வீரன் ஒவ்வொருவனுக்கும் முதன்மையான திறன்கள் பத்து: தாவி எறிதல், தொலைவிலிருந்து எறிதல், வெளித்தடுப்பு, பந்தைக் கையாளுதல், ஊடுருவுதல், பந்து பரிமாறுதல், கூடையருகே எறிதல், உட்தடுப்பு, மீள்பந்து எடுத்தல், எறிபந்தை மறித்தல். இவை தவிர உடல் தாக்குப்பிடிப்பும் தனி எறியும் உண்டு. அனுபவம் என்று ஒன்றும் இருக்கும். அதைப் பயிற்சியால் கொடுக்க முடியாது, ஆடித்தான் பெறவேண்டும். திறனின் அளவை விளையாட்டு சொற்களால் காட்டும். நாங்கள் அதை எண்ணாக்கிப் பேசிக்கொள்வோம். ஏழு என்றால் மதிக்கத்தக்கது, இருபது என்றால் காவியம்.

முழுக் குழுவுக்கும் ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு பயிற்சிதான். சிக்கலெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பயிற்சியும் குறிப்பிட்ட இடத்தில் ஆடியவனுக்கு மட்டுமே சேரும். முழுப் பயன் கிடைக்க அவன் அவ்விடத்தில் அந்த வாரத்தில் 48 நிமிடங்கள் ஆடியிருக்க வேண்டும். வாரத்திற்கு மூன்று ஆட்டங்கள். ஓர் இடத்திற்கு 144 நிமிடங்கள். ஆக, ஓர் இடத்தில் மூன்று பேரைத்தான் முழுமையாக வளர்க்கலாம். இரண்டு இடங்களுக்குப் பயிற்சி கொடுத்தால் ஆறு பேர் வளர்வார்கள், ஆனால் வேகம் குறையும். எல்லாருக்கும் கொடுத்தால் யாருக்கும் உருப்படியாக ஒன்றும் சேராது.

என் முதல் வீரன் 18 வயது நெட்டையன். உயரம் 216 செண்டிமீட்டர். கையிலிருந்த பணத்தையெல்லாம் கொட்டி அவனை வாங்கினேன். உயரமானவனுக்குக் கூடையருகே செய்யும் வேலைகள் விரைவாக வரும், குட்டையானவனுக்கு வெளியே செய்யும் வேலைகள் விரைவாக வரும் என்பது விளையாட்டின் விதி. ஆகவே மூன்று பருவங்கள், 42 வாரங்கள், இரண்டே பயிற்சிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன்: கூடையருகே எறிதல், மீள்பந்து. எறிதல் 14 ஆயிற்று, மீள்பந்து 13 ஆயிற்று. பரிமாறுதலும் கையாளுதலும் இரண்டிலேயே கிடந்தன. எண் ஏறும் ஒவ்வொரு முறையும் அண்ணனை எழுப்பிக் காட்டினேன்.

சம்பளம் பருவத் தொடக்கத்தில் ஒருமுறைதான் மாறும். நான்காவது பருவம் தொடங்கிய காலையில் கணக்கைத் திறந்து பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒருவனின் சம்பளமே மற்ற நால்வரின் சம்பளத்தை விஞ்சியிருந்தது. வாரம் தவறாமல் நட்டம். ஆட்டத்திலோ, பந்து அவன் கைக்குப் போனால் பாதி நேரம் எதிரணியிடம் போய்ச் சேர்ந்தது. விற்கலாம் என்று சந்தையில் விட்டால் கேட்பாரில்லை. வாங்குகிறவனும் அதே சம்பளத்தைத்தானே கொடுக்கவேண்டும்! கடைசியில் வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாகப் போனான்.

அன்றிரவு மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை அண்ணன் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தார். வீரன் எந்த இடத்திற்கு மிகப் பொருத்தமானவனோ, அந்த இடத்திற்குரிய திறன்களை வைத்துத்தான் சம்பளம் கணிக்கப்படுகிறது. நடுவில் நிற்கும் நெட்டையனுக்கு மீள்பந்தில் ஒரு படி கூடினால் சம்பளம் தாவும்; பந்து பரிமாறுவதில் ஒரு படி கூடினால் அவ்வளவாக அசையாது. உள்ளாற்றலின் உச்சவரம்பும் ஏறக்குறைய இப்படித்தான். துணைத் திறன்கள் அதில் கொஞ்ச இடத்தையே பிடிக்கின்றன. அதோடு, பல காலம் குறித்து வைத்தவர்கள் கண்டறிந்த இன்னொன்றும் உண்டு. ஒரு திறன் அதனோடு தொடர்புடைய பிற திறன்களை விட்டுத் தனியே ஓடினால் அதன் வளர்ச்சி மந்தமாகும். பின்தங்கியது எளிதாக மேலே வரும்.

அப்படியானால் எதை முதலில் கொடுப்பது? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இவ்விளையாட்டில் 18-இல் வளைவது 25-இல் வளையாது, வயது ஏற ஏறப் பயிற்சியின் பயன் குறையும். உயரமானவனுக்குப் பரிமாறுதல் எப்பொழுதுமே மெதுவாகத்தான் வரும். மெதுவாக வருவதை, வேகம் மிகுந்த இளவயதிலேயே கொடுத்துவிட வேண்டும். அவ்வாண்டுகளில் சம்பளமும் குறைவாகவே இருக்கும். எளிதாக வருவது பிறகும் வரும். எனக்குக் கணக்குப் பிடிபட்டது. ஆனால் அதற்கு விலை ஒன்று உண்டு என்பதை அண்ணன் மெல்லத்தான் சொன்னார். பரிமாறும் பயிற்சி சேரவேண்டுமானால் நெட்டையனைப் பந்து நகர்த்தும் ஆட்டக்காரனின் இடத்தில் நிறுத்தி ஆடவேண்டும். தோற்கத்தான் செய்வோம்.

இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் 206 செண்டிமீட்டர் உயரமுள்ள 18 வயதுப் பையன் ஒருவனை வாங்கினேன். இரண்டு பருவங்கள் அவனுக்குப் பரிமாறுதலும் கையாளுதலும் மட்டுமே கொடுத்தேன். எதிரணியின் குட்டை ஆட்டக்காரர்கள் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். முதல் பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். பரிமாறுதல் 3-லிருந்து 7-க்கு வந்திருந்தது, அவ்வளவுதான். அவனுக்கு 20 வயது ஆனபொழுதுதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. விளையாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேசிய அணியும், 21 வயதுக்குட்பட்டோர் அணியும் உண்டு. பயிற்றுநரை அந்நாட்டு விளையாட்டாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இளையோர் அணிக்குத் தேர்வானவர் யார் தெரியுமா? நம் அண்ணனேதான்.

"தம்பி, இனிமே மீள்பந்தும் உள்ளே எறியறதும் மட்டும் போடு. ரெண்டு பருவத்துல தயாராயிடுவான். நமக்கு நெட்டை ஆளே இல்லடா" என்றார்.

"நீங்கதானே அண்ணே அந்தக் கணக்கைச் சொல்லித் தந்தீங்க?"

"அது உன் குழுவுக்கு. இது நாட்டுக்கு."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. சிறிய நாட்டுக்கு விளையாட்டாளர்கள் குறைவு. வளர்க்கத் தகுந்த பையன்களும் குறைவு. அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் இன்னும் ஒரு பருவம் காத்திருந்தால் பையன் பல ஆண்டுகளுக்குப் பயன்படுவான், இப்பொழுதே திருப்பினால் முதல் நெட்டையனின் கதைதான் என்பதும் எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, என் திட்டத்தையே தொடர்ந்தேன். பையன் இளையோர் அணியில் ஆடவில்லை. அப்பருவத்தில் நம் அணி தோற்ற ஓர் ஆட்டத்தின் புள்ளிவிவரத்தில் மீள்பந்துக் கணக்கைத் தனியே வட்டமிட்டு அச்சடித்து என் கதவில் ஒட்டியிருந்தார் அண்ணன். ஏறத்தாழ ஒரு மாதம் எங்களிடையே பேச்சில்லை.

21-ஆம் வயதில்தான் பையனைக் கூடையருகே கொண்டுவந்தேன். கூடையருகே எறிதலையும் உட்தடுப்பையும் மீள்பந்தையும் அடுத்தடுத்து ஏற்றினேன். எண்கள் நான் எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாக ஏறின. சம்பளமும் ஏறியது, ஆனால் தாங்கக்கூடிய அளவில். முதல் பிரிவுக்கு மீண்டும் வந்தோம். அவனுடைய 24-ஆம் வயதில் மூத்தோர் தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. அதற்குள் அண்ணன் பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்டிருந்தார். குறுஞ்செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம் மட்டும் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் திருமணத்தில் அவரைப் பார்த்தேன். வேலை, வீடு, பிள்ளைகள் என்று பேச்சு எங்கெங்கோ போய்விட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் வந்து நின்றது. அப்பளத்தை நொறுக்கியபடியே கேட்டார்:

"அந்தப் பையனுக்குக் கடைசியில மீள்பந்து எவ்வளவு வந்துச்சு?"

"பன்னிரண்டு, அண்ணே."

"அன்னிக்கு எனக்குப் பத்து இருந்திருந்தா போதும்டா" என்று சொல்லிவிட்டு ரசத்திற்குக் கை காட்டினார்.