பாதி பானெட்டில் ஒரு சோதனை

ஜெலுத்தோங்கில் என் சித்தப்பா மகிழுந்துகளைக் கழுவி மெருகூட்டும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். சனிக்கிழமைகளில் நான் அங்கு உதவிக்குச் செல்வேன். ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் அத்தை ஒருவர் தம்முடைய மகிழுந்தை ஓட்டி வந்தார். அவர் இ-ஹெய்லிங் ஓட்டுநர். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திற்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஒரு நாளில் பலமுறை சென்று வருபவர். வண்டிக்கான வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை.

“தம்பி, ஒரு முறை பூசினால் ஓராண்டு தாங்கும் என்கிறார்களே, அந்த விலையுயர்ந்த சீலண்டைப் பூசிவிடலாமா? பாருங்கள், சாயம் இப்பொழுதே மங்கிவிட்டது,” என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

வேறு கடையாக இருந்திருந்தால் உடனே ‘சரி’ என்றிருப்பார்கள். சித்தப்பா தலையைச் சொறிந்தார். அந்தப் புட்டி அவரிடம் இருந்தது; விற்பனையாளர் ஒருவர் கொடுத்துச் சென்றிருந்தார். ஆனால், அவர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. “நான் பூசிப் பார்க்காததை உங்களிடம் எப்படி விற்பேன், அக்கா? முதலில் என் வண்டியில் பார்க்கிறேன். சில வாரங்கள் பொறுங்கள்,” என்றார்.

சோதனையைச் சொல்வதற்கு முன், மகிழுந்தின் சாயத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. நாம் காணும் நிறம் வண்டியின் மேற்பரப்பு அன்று. உலோகத்தின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். பளபளப்பைத் தருவது இந்தத் தெளிபூச்சுதான். அதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன் வரை. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரோன் என்றால், அது எவ்வளவு மெல்லியது என்பதை எண்ணிப் பாருங்கள். கீறலை நீக்குவதற்காகப் பாலிஷ் போடும்போதெல்லாம் அதில் சிறிதளவு தேய்ந்து போகும். தேய்ந்தது மீண்டும் வளராது. எனவேதான், தெளிபூச்சின்மேல் மெழுகோ சீலண்டோ பூசி, வெயிலையும் அழுக்கையும் அந்த மேலுறையே தாங்கும்படி செய்கிறார்கள்.

பினாங்கில் இந்தப் பாதுகாப்புக்கு வேலை அதிகம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகை தொலைவில்தான் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும். தீவில் எங்குச் சென்றாலும் கடற்காற்று விடாது. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுடையது, அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலேயே செல்கிறது. போதாக்குறைக்கு, நிழல் வேண்டி மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் அங்சானாப் பூக்களும் பறவை எச்சமும் வந்து விழும். எச்சம் வெயிலில் காய்ந்து, தெளிபூச்சை அரித்துத் தடம் பதித்துவிடும். நிழலில் நிறுத்துவதா, வெயிலில் நிறுத்துவதா என்று எங்கள் வீட்டில் நடக்கும் விவாதம் இன்றுவரை முடிந்தபாடில்லை.

சித்தப்பாவின் கருநீல மைவியைத்தான் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தோம். கருமையான நிறத்தில் சிறு குறையும் தெளிவாகத் தெரியும். முழு வண்டிக்கும் சீலண்டைப் பூசப் போனவரை நான்தான் தடுத்தேன். “சித்தப்பா, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லையென்றால் நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அறிவியல் பாடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை ஒரே மாதிரி வைக்கச் சொல்வார்கள்,” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒட்டுநாடாவை எடுத்து பானெட்டின் நடுவில் நேர்கோடாக ஒட்டினார். இடப்பக்கம் நாங்கள் வழக்கமாகப் பூசும் மெழுகு. வலப்பக்கம் புதிய சீலண்ட்.

மெழுகு என்றால் தேன்மெழுகு என்று நான் நினைத்திருந்தேன். மகிழுந்து மெழுகில் புகழ்பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அதை எடுக்கிறார்கள். மிட்டாய்களுக்கும் மாத்திரைகளுக்கும் பளபளப்பூட்டவும் அதே மெழுகுதான் பயன்படுகிறது! சீலண்டோ ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதிலுள்ள செயற்கைப் பலபடிகள் சாயத்தைப் பற்றிக்கொண்டு, உலர உலர இறுகி, மெல்லிய படலமாகிவிடும். மெழுகு மேலே படிந்து கிடக்கும். சீலண்ட் பிடித்துக்கொண்டு நிற்கும். வெப்பத்தையும் ஷாம்பூவையும் சீலண்ட் கூடுதல் நாள் தாங்குவதற்கு இதுவே காரணம். ஆனால், பூசியபின் அது முழுமையாக இறுகும்வரை ஏறக்குறைய ஒரு நாள் வண்டி நனையக்கூடாது.

பூசுவது எளிது, அதற்கு முன் செய்யும் வேலைதான் முதுகை ஒடிக்கும். இரண்டு வாளிகள் வைத்துக்கொண்டோம். ஒன்றில் ஷாம்பூ நீர். மற்றொன்றில் கையுறையை அலசும் வெறும் நீர். இப்படிச் செய்தால் அலசிய மணல் மீண்டும் வண்டியில் தேயாது. கழுவித் துடைத்தபின் பானெட் கண்ணாடிபோல் மின்னியது. “தூய்மையாகிவிட்டது,” என்றேன். சித்தப்பா ஒரு மெல்லிய நெகிழிப்பையை என் கையில் மாட்டி, “இப்பொழுது தடவிப் பார்,” என்றார். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த பரப்பு, பையின் வழியே மணல்தாளைப்போல் சொரசொரத்தது. நிறுத்தியிலிருந்து பறக்கும் இரும்புத்தூள், மரப்பிசின், தார்த்துளி ஆகியவை சாயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஷாம்பூவுக்கு அவை அசையா.

அவற்றை எடுப்பதற்கென்றே களிக்கட்டி இருக்கிறது. பிசைந்த மாவு போன்ற அதை, வழுக்கும் நீரைத் தெளித்து மெதுவாகத் தேய்த்தால் ஒட்டியிருப்பவற்றைப் பிடுங்கிக்கொண்டு வரும். தடாவ் கொடாதே என்ற ஜப்பானியர் இதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதில் இதற்கு இட்ட பெயர், ‘நெகிழியால் ஆன வளையும் சாணைக்கல்’ என்று பொருள்படும். களிமண் என்று நாம் அழைப்பதைவிட அதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

“மேலேதானே பூசப் போகிறோம்? இவ்வளவு தேய்க்க வேண்டுமா?” என்று நான் சலித்துக்கொண்டேன். சித்தப்பா இளமையில் சுவருக்குச் சாயம் அடிக்கும் வேலை செய்தவர். “ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பாய். அவை சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வேண்டும். அது தெரியாமல், புதுவகைச் சாயத்தை அதன்மேல் அழுத்தமாகப் பூசிவிடுவார்கள். அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். உள்ளே சிக்கிய ஈரம் சும்மா இருக்குமா? கொஞ்ச நாளில் சாயம் கொப்புளித்து உரியும். எதை மூடினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடு,” என்றார்.

நான் தலையாட்டினேன். ஆயினும், வலப்பக்க முன்விளக்கின்மேல் ஓர் உள்ளங்கை அளவு இடத்திற்கு வந்தபோது கை வலித்தது. பார்வைக்கு அது நன்றாகவே இருந்தது. அவர் உள்ளே சென்றிருந்த நேரத்தில் களிக்கட்டியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். பின்னர் இரு பக்கமும் பூசி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தோம். வண்டி அன்றிரவு முழுவதும் பட்டறைக்குள்ளேயே நின்றது.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஷாம்பூவால் கழுவி, ஒரே பூவாளியால் இரு பக்கமும் நீர் தெளித்துக் குறிப்பேட்டில் எழுதினேன். பாதுகாப்புப் படலம் நன்றாக இருந்தால் நீர் உருண்டை உருண்டையாக நிற்கும்; தேய்ந்துவிட்டால் தட்டையாகப் பரவும். முதல் மூன்று வாரங்கள் இரு பக்கத்திற்கும் வேறுபாடே இல்லை. ‘இதற்கா இவ்வளவு விலை?’ என்றுகூட எழுதி வைத்தேன். ஐந்தாம் வாரம் மெழுகுப் பக்கத்தின் உருண்டைகள் சோம்பலாகத் தெரிந்தன. ஏழாம் வாரம் அங்கு நீர் முழுவதும் பரவிவிட்டது. சீலண்ட் பக்கமோ முத்து முத்தாக நின்றது, ஓரிடத்தைத் தவிர. முன்விளக்கின் மேலே, உள்ளங்கை அளவு இடத்தில், நீர் தட்டையாகக் கிடந்தது.

சித்தப்பா குனிந்து பார்த்தார். “என்ன மருந்தோ இது! ஏழு வாரத்திலேயே ஓர் இடத்தில் விட்டுவிட்டதே. அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். எழுதிக்கொள்,” என்றார்.

எழுதுகோலைக் கையில் எடுத்தேன். எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. புட்டியின்மேல் பழி போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால், அத்தை அந்தக் குறிப்பேட்டை நம்பித்தான் முடிவெடுக்கப் போகிறார்.

“சித்தப்பா, அந்த இடத்தில் நான் களிக்கட்டி தேய்க்கவில்லை,” என்றேன்.

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நெகிழிப்பையை எடுத்துக் கையில் மாட்டி, அந்த இடத்தைத் தடவினார். பிறகு பக்கத்து இடத்தைத் தடவினார். “இதையும் எழுது. எங்கே, எவ்வளவு, யார் என்று எல்லாவற்றையும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைக் கவனிக்கப் போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் வாரத்தில் இன்னொன்றும் கண்டோம். இரண்டு நாள் துடைக்காமல் விட்ட பறவை எச்சம், சீலண்ட் பூசிய பக்கத்திலேயே மங்கிய வட்டமாகத் தடம் பதித்திருந்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலண்டானாலும், ஈரத்துணியை எடுத்து உடனே துடைப்பதற்கு அது மாற்றாகாது.

பதினோராம் வாரம் அத்தை மீண்டும் வந்தார். சித்தப்பா குறிப்பேட்டை அவர்முன் விரித்து வைத்தார். “அக்கா, ஓராண்டு தாங்குமா என்று எனக்குத் தெரியாது. பதினொரு வாரம் தாங்கியிருக்கிறது. அதுவரை பார்த்திருக்கிறேன். மெழுகென்றால் ஆறு வாரத்திற்கு ஒருமுறை நீங்கள் வர வேண்டியிருக்கும். எதைப் பூசினாலும் களிக்கட்டி வேலைக்குக் கூலி ஒன்றுதான்.”

அத்தை பக்கங்களைப் புரட்டினார். என் பெயர் இருந்த வரியில் சிறிது நின்று, என்னைப் பார்த்துவிட்டு மேலே படித்தார். பிறகு கணக்குப் போட்டார். திறந்தவெளியில்தான் வண்டி நிற்கிறது. ஆறு வாரத்திற்கு ஒருமுறை அரைநாள் ஓட்டத்தை இழப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால், சீலண்ட் பூசினால் ஒரு நாள் முழுவதும் வண்டியை எடுக்க முடியாதே?

“தீபாவளியன்று நான் ஓட்டுவதில்லை. முதல் நாள் மாலையில் விட்டுவிட்டால் ஆகுமா?” என்று கேட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் பிற்பகலில் அத்தையின் வண்டி பட்டறைக்குள் வந்தது. சித்தப்பா களிக்கட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, நெகிழிப்பை ஒன்றை மடித்து என் சட்டைப்பையில் செருகினார். நான் வலப்பக்க முன்விளக்கின் மேலிருந்து வேலையைத் தொடங்கினேன்.