குளிப்பாட்டும்போதே சொல்லிக்கொடு

அன்புள்ள பேத்திக்கு,

ஹீலோவிலிருந்து உன் டூடூப் பாட்டி எழுதுகிறேன். லாஸ் வேகஸ் வெயில் குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறதா? முகத்து உறுப்புகளின் ஹவாய்ப் பெயர்களை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பதாகப் போனில் சொன்னாய். சந்தோஷம்தான். ஆனால் மூக்குக்கு என்ன பெயர் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட கையோடு, குழந்தையிடம் இங்கிலீஷில் பேசப் போய்விட்டாய். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

குளிப்பாட்டும்போது தொட்டுத் தொட்டுச் சொல். தலை போ'ஓ, நெற்றி லாயெ, கண் மக்கா, மூக்கு இஹு, கன்னம் பாப்பாலினா, வாய் வாஹா, காது பெப்பெயாவோ. உச்சிக்குழியைப் பார்த்துத் தொடு. முன்னோரோடு நம்மைச் சேர்க்கும் இடம் அது என்பது நம்மவர் நம்பிக்கை.

வெறும் பெயர் போதாது. 'என்' என்பதற்கு நமக்கு இரண்டு சொல் உண்டு. உடம்பு, பெற்றோர், மண் என்று நமக்கு வாய்த்தவற்றுக்கெல்லாம் கோ'உ. நாம் உண்டாக்கியதற்கு, பெற்ற பிள்ளைக்கும்கூட, கா'உ. 'கோ'உ இஹு' என்று உன் மூக்கையும், 'கோவ் இஹு', அதாவது 'உன் மூக்கு', என்று அவன் மூக்கையும் தொட்டுச் சொன்னால் இலக்கணம் தானாக நாக்கில் ஏறும். அட்டையில் அது வராது. டுவோலிங்கோவில் 2018 முதல் நம் மொழி இருக்கிறது. நீ படிக்க வைத்துக்கொள். குழந்தைக்கு வேண்டியது உன் குரல்.

என் அம்மா பட்டது உனக்குத் தெரியும். பள்ளியில் இங்கிலீஷ்தான் என்று 1896-இல் சட்டம் போட்டார்கள். அம்மா படித்த காலத்திலும், நம் மொழியில் வாய் திறந்தால் அடி. அடிபட்டவள் எங்களிடம் அதைப் பேசவேயில்லை. சின்னம்மா வந்தால் இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பிள்ளைகள் நாங்கள் வெளியே நிற்போம். அந்தப் பள்ளியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1978-இல் நம் மொழி அரசு மொழியானது. 1984-இல் கௌவாயி தீவின் கெக்காஹாவில் முதல் பூனானா லேயோ மழலையர் பள்ளி திறந்தது. அதன் பிறகுதான் நானே வகுப்பில் உட்கார்ந்து படித்தேன். அதற்குள் உன் அம்மா வளர்ந்துவிட்டாள்.

முதலில் இங்கிலீஷ் வரட்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். முடிவு உங்களுடையது, நான் தலையிடவில்லை. ஆனால் அந்த ஊரில் இங்கிலீஷ் அவனைத் தேடிக்கொண்டு வரும். நம் மொழி உன் வாயிலிருந்து வராவிட்டால் வேறு எங்கிருந்து வரும்?

நிறையச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணே. வேலைக்கும் போய், ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பிள்ளையையும் பார்க்கிறாய்; உன்னைப் போல ஒரு தாய் நம் குடும்பத்தில் யாரும் இல்லை. நீ எப்படி உச்சரித்தாலும் என் காதுக்கு இனிமைதான். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுங்கள், டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைக்கிறேன். அதுவரை ஒரு நாளைக்கு ஒரு உறுப்பு சொல்லிக்கொடு, போதும். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

உன் டூடூ