மூன்றாவது பச்சை விளக்கு

“சார், ரெண்டுதான் பச்சை.”

கோ-பைலட் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். இடது, வலது சக்கரங்களுக்குப் பச்சை விளக்கு. நடுவில், முன் சக்கரத்துக்குச் சிவப்பு. ஏர்பஸ் ஏ320, சென்னையில் இரவு நேரம், ஓடுபாதை கண்ணெதிரே. இறங்குவதைக் கைவிட்டு மேலேறி, கடல்மேல் வட்டமடிக்கத் தொடங்கினோம்.

முதலில், நான் சக்கரக் கோளாறைத் தொடவில்லை. “நீங்க ஓட்டுங்க, நான் செக்லிஸ்ட் படிக்கிறேன்” என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன். காரணம் உண்டு: 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401 விமானத்திலும் முன் சக்கர விளக்கு எரியவில்லை. காக்பிட்டில் எல்லோர் கவனமும் அந்தச் சின்ன பல்பு மேலேயே இருந்தது. விமானம் மெல்ல உயரம் இழந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பல்புதான் ஃபியூஸ் போயிருந்தது.

இரண்டாவது, எரிபொருள் கணக்கு. 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டில் யுனைடெட் 173 சக்கரக் கோளாறை ஆராய்ந்தபடியே சுற்றிச் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். நாங்கள் ஒரு தாளில் ஒரு நேரத்தை எழுதி எதிரே செருகி வைத்தோம். அந்த நேரம் வந்தால், சக்கரம் எப்படி இருந்தாலும் இறங்கிவிடுவது.

மூன்றாவது, ஒரு விளக்கை மட்டும் நம்பக் கூடாது. சக்கரத்தின் நிலையை இரண்டு கணினிகள் தனித்தனியே கவனிக்கின்றன. திரையில் சக்கரப் பக்கத்தைத் திறந்தால் இரண்டின் கணிப்பும் முக்கோணங்களாகத் தெரியும். ஒன்று பச்சையாக இருந்தாலே போதும். எங்களுக்கு இரண்டுமே சிவப்பு.

லீவரை ஏற்றி மறுபடி இறக்கினோம். பலனில்லை. கடைசி வழி, புவியீர்ப்பு. இரு இருக்கைகளுக்கும் நடுவே பின்பக்கம் மடக்கி வைத்திருக்கும் கைப்பிடியை மூன்று முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தம் துண்டிக்கப்பட்டு, கொக்கிகள் விடுபட்டு, சக்கரம் தன் கனத்திலேயே கீழே விழும். சுற்றி முடித்ததும் காலடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். சில நொடிகளில் மூன்றாவது பச்சை.

ஆனால் எங்கள் விமானத்தில் இப்படி இறக்கினால் முன் சக்கர ஸ்டியரிங் போய்விடும். தரையைத் தொட்ட பிறகு, வேகம் இருக்கும்வரை வாலிலுள்ள சுக்கான் கைகொடுக்கும். வேகம் குறைந்தபின் இடது, வலது பிரேக்கை மாற்றி மாற்றி, மெல்ல மிதித்துத்தான் நேராகப் பிடிக்க வேண்டும். ஓடுபாதையிலிருந்து திருப்பப் பார்க்காமல் அங்கேயே நிறுத்தி, இழுத்துப் போக டிராக்டர் கேட்டோம். பின்னால் வந்த விமானங்கள் காத்திருந்தன. அதற்காக அவசரப்படக் கூடாது.

ஸ்டியரிங் கோளாறு இதைவிட மோசமாகவும் வரும். 2005 செப்டம்பர் 21 அன்று ஜெட்புளூ 292 விமானத்தின் முன் சக்கரங்கள் குறுக்கே 90 டிகிரி திரும்பி நின்றுவிட்டன. கேப்டன் கட்டுப்பாட்டுக் கோபுரத்தருகே தாழப் பறந்து காட்டி, கோளாறை உறுதிசெய்துகொண்டார். மணிக்கணக்கில் சுற்றி எடையைக் குறைத்தபின், லாஸ் ஏஞ்சல்ஸில் மூக்கைக் கடைசிவரை தூக்கிப் பிடித்து இறக்கினார். டயர்கள் தீப்பொறி பறக்கத் தேய்ந்தன. 146 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தபோது ஊரே பதறியது. வட்டமடிப்பதற்குக் காரணம் எளிது: போயிங் 737, ஏ320 ரகங்களில் எரிபொருளை வானில் கொட்ட வழியில்லை; எரித்துத்தான் எடை குறைக்க வேண்டும். அந்த விமானமும் பத்திரமாகவே இறங்கியது.

அடுத்த முறை உங்கள் விமானம் வட்டமடித்தால் பயப்படாதீர்கள். உள்ளே ஒருவர் ஓட்டுகிறார், ஒருவர் படிக்கிறார். பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். இறங்கி ஓடச் சொன்னால், தயவுசெய்து மேலே வைத்த பையை எடுக்காதீர்கள்.